பட்டணத்து மரங்களுக்கு உரியவர் யார்?



இன்று நாம் மரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். விடியுமுன் பிரட்டுக்குப் போய், தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நின்ற பால்மரங்களுக்கிடையே வாழ்நாளைக் கழித்த குடும்பங்களுக்கு மரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நாம் பேச எடுத்துக்கொண்டது தோட்டத்து மரம் அன்று; பட்டணத்து மரம்.

நம்மவர்கள் வாயில் 'மரம் வெட்டப் போகிறேன்' என்றால் அதற்குப் பால் எடுக்கப் போகிறேன் என்று பொருள். பட்டணத்திலே அதே சொல்லுக்கு மரத்தை அடியோடு சாய்ப்பது என்று பொருள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின், நம் குடும்பங்களில் பல, லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. இடம் மாறியது, கூடவே அந்தச் சொல்லின் பொருளும் மாறிவிட்டதோ என்று எண்ண வேண்டியிருக்கிறது.

சுங்காயில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்ததைச் சொல்கிறோம். தெருக்கோடியில், பிள்ளைகள் விளையாடும் சிறு திடலை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மாலை வேளையில் கிழவர்கள் அதன் அடியில்தான் உட்காருவார்கள். பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே நிழல். ஆனால் மரத்தின்மேல் குறை சொல்வோரும் இருந்தார்கள். இலை உதிர்ந்து கால்வாய் அடைக்கிறது, வேர் சிமெண்டுத் தரையைத் தூக்குகிறது, காற்றடித்தால் கிளை ஒடிந்து காரின்மேல் விழும் என்றார்கள். அந்தக் குறைகள் பொய்யல்ல. அவற்றைப் பேசித் தீர்த்திருக்கலாம். அதற்குமுன், ஒருநாள் இரவு, யாரோ கத்தியால் மரத்தைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கிவிட்டார்கள்.

காலையில் தெருவே கூடி நின்றது. 'சும்மா பட்டைதானே, மரத்துக்கு ஒன்றும் ஆகாது' என்றார் ஒருவர். அப்போது, முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி முன்னே வந்தார். பெருவிரலால் காயத்தைத் தடவிப் பார்த்தார். 'சுற்றி வந்தவன் முழுசாச் சுற்றல. இந்தப் பக்கம் ஒரு சாண் பட்டை மிச்சம் இருக்கு. அதைத் தொடாம விடுங்க, மரம் பிழைச்சுக்கும்' என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. காயம்பட்ட பக்கத்தில் சில கிளைகள் பட்டுப்போயின; மரம் நிற்கிறது.

அந்தப் பாட்டி எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. அவருடைய கை அறிந்திருந்தது. பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி வழுவழுப்பான மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. பட்டையையும் கட்டையையும் வளர்ப்பது அந்த அடுக்குத்தான். உளி அதைத் தொட்டுவிட்டால் புண்ணாகிவிடும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கங்காணியிடம் திட்டு வாங்க வேண்டும். இது நமக்குத் தெரிந்ததே. இலைகள் தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சும் நீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. ஆகவே சுற்றிலும் பட்டையை நீக்கிவிட்டால் மரம் உடனே வாடாது. மேலே பச்சையாகவே இருக்கும். கீழே வேர் பட்டினி கிடந்து, நாளடைவில் மரம் சாகும். ஓசையில்லாமல் மரத்தைக் கொல்ல நினைப்பவர்கள் இந்த வழியைத்தான் நாடுகிறார்கள்.

நேயர்களே, பட்டணத்தில் ஒரு மரம் செத்தால் நமக்கு என்ன நட்டம்? தோட்டத்திலே நண்பகலில் மரக்காட்டை விட்டுச் செம்மண் சாலைக்கு வந்ததும் முகத்தில் அறைந்த அனலை நினைத்துப் பாருங்கள். பத்தடி தூரத்தில் அத்தனை வேறுபாடு! மரம் வெயிலை மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. மண்பானையின் வெளிப்புறத்தில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது அல்லவா? அதுபோல, இலைகள் வழியே நீர் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. தாரும் சிமெண்டும் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, இரவிலே அதைத் திருப்பி விடுகின்றன. மரமில்லாத தெருவில் நள்ளிரவிலும் புழுங்குவது இதனால்தான். குளிர்சாதனக் கருவி வாங்க வசதியுள்ள வீடு சமாளித்துக்கொள்ளும். வசதியில்லாத வீட்டுக்கு வாசலில் நிற்கும் மரமே குளிர்சாதனம். மரத்தை இழந்தால் முதலில் வாடுவது ஏழை வீடுதான்.

நம் ஊர்கள் மரங்களைப் பெயராகவே சூடியவை. பினாங்கு என்பது பாக்கு மரம். மலாக்கா என்பது நம் நெல்லி மரம். ஈப்போ என்பதும் ஒரு மரமே. அதன் நச்சுப் பாலை ஒராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தோய்த்து வேட்டையாடினார்கள். ஈப்போ ரயில் நிலையத்தின் முன்னால் அந்த மரம் இன்றும் காட்சி தருகிறது. நம் சுங்காயும் அப்படியே. மலாய் மொழியில் சுங்காய் என்று ஒரு மரம் உண்டு.

இதே பேரா மாநிலத்தில், கோலகங்சார் பட்டணத்தில், மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி கட்டிக் காக்கப்படும் ஒரு மரம் நிற்கிறது. அது நம் மரம், ரப்பர் மரம். 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் ரப்பர் விதைகளை இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கன்றுகளைப் பேராவின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் நடுவித்தார். அந்த ஒன்பதில் எஞ்சியதாகப் போற்றப்படுவதே இந்த மரம். வயது ஒன்றரை நூற்றாண்டை நெருங்குகிறது.

தோட்டத்திலே பால்மரத்துக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்தான் கணக்கு. பால் குறைந்ததும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். அது தோட்டத்தின் கணக்கு. கோலகங்சார் மரமும் அதே இனந்தான். அதே மழை, அதே வெயில். பால் கணக்குப் பார்க்காமல், இது நிற்கட்டும் என்று மனிதர்கள் முடிவு செய்ததால் அது இன்றும் நிற்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பாட்டனும் பாட்டியும் எதனிடையே வாழ்ந்தார்கள் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும்.

அங்கிருந்து தைப்பிங் தொலைவில்லை. ஈயம் தோண்டிக் குழியாகிக் கிடந்த நிலத்தை 1880இல் பூங்காவாக்கினார்கள். ஏரிக்கரையில் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. மாலையானால் இலை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இந்த மரத்துக்குப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம், என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். தோண்டிப் பாழான நிலத்தையும் மரம் மீட்டுத்தரும் என்பதற்குத் தைப்பிங் சாட்சி.

இனி, கோலாலம்பூரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அது மரத்தைப் பற்றிய வழக்கு. நம் மக்களைப் பற்றியதும்கூட.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபின், அங்கே வேலை செய்த நம்மவர்களை நீள வீடுகளில் குடியமர்த்தினார்கள். அது தற்காலிக ஏற்பாடு, நிலையான வீடு பின்னால் வரும் என்பது பேச்சு. ஆண்டுகள் பத்துப் பத்தாகக் கடந்தன. ஏறக்குறைய நூறு குடும்பங்கள் காத்திருந்தன. அருகிலேயே, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதி மக்கள் நடக்கவும் ஓடவும் பயன்படுத்தும் ரிம்பா கியாரா பூங்கா பசுமையாக வளர்ந்திருந்தது.

2017ஆம் ஆண்டில் அங்கே ஒரு கட்டடத் திட்டத்துக்கு மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. நீள வீட்டு மக்களுக்கும் பயன்படும் அடுக்குமாடி ஒன்று. அதனுடன் விலையுயர்ந்த வானளாவிய கட்டடங்கள் எட்டு! பூங்காவின் ஒரு பெரிய பகுதி போய்விடும். தாமான் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2018இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. நகரத்தின் அமைப்புத் திட்டத்திலிருந்து தக்க காரணம் காட்டாமல் விலகக்கூடாது, பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களின் குரலைக் கேட்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தச் செய்தியைக் கேட்டு நாம் மகிழ்வதா, வருந்துவதா? மரங்கள் தப்பின. ஆனால் வீட்டுக்காகக் காத்திருந்த நம் மக்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள்? 'மரத்துக்கு இருக்கும் மதிப்பு நமக்கு இல்லையா' என்று ஒரு தாய் கேட்டிருந்தால் அதில் தவறு உண்டா? ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீள வீட்டு மக்களுக்கு வீடு கட்டுவதை அந்தக் குடியிருப்பாளர்கள் எதிர்க்கவில்லை. நீள வீடுகள் இருக்கும் இடத்திலேயே கட்டிக் கொடுங்கள், அதற்குப் பூங்காவை அழிக்க வேண்டியதில்லை என்பதே அவர்கள் வாதம். நூறு குடும்பங்களின் வீட்டுக்குப் பூங்கா முழுவதும் தேவைப்படவில்லை. அந்த எட்டுக் கட்டடங்களுக்கே தேவைப்பட்டது. ஏழையின் வீட்டையும் ஊரின் மரத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தினால், யாருக்கு ஆதாயம் என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். நமக்கு வீடும் வேண்டும், வீட்டின் முன்னே நிழலும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையாகாது.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்புக்கென்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. சுற்றளவு 0.8 மீட்டருக்கு, அதாவது 80 சென்டிமீட்டருக்கு, மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் சாய்க்கக்கூடாது. பட்டுப்போன மரம், உடனே விழுந்து ஆபத்து விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஒரு கயிற்றில் 80 சென்டிமீட்டர் அளந்து முடிச்சுப் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். கயிறு எட்டவில்லையானால், அந்த மரத்தைச் சாய்க்க வருபவரிடம் 'அனுமதிக் கடிதம் இருக்கிறதா ஐயா?' என்று பணிவோடு கேட்கலாம்.

இனி, நம் கையால் ஆகக்கூடியவை சில. விளம்பரப் பலகையை மரத்தில் ஆணியடித்து மாட்ட விடாதீர்கள். பட்டையின் அருமை நமக்குத் தெரியும். மரத்தடியில் குப்பை கொளுத்தாதீர்கள். அடிமரத்தை நெருக்கிச் சிமெண்டு பூசினால் வேருக்கு நீரும் காற்றும் இறங்கா. ஒரு பாத்தியளவாவது மண்ணை விட்டு வையுங்கள். உச்சியை மொட்டையடித்தால் புதிதாகத் துளிர்க்கும் கிளைகள் உறுதியாக ஒட்டுவதில்லை. அவையே பிறகு காற்றில் ஒடிந்து விழும். அடிமரத்தில் பொந்து விழுந்தாலும், வேரருகே காளான் பூத்தாலும், மரம் திடீரென்று சாய்ந்தாலும் ஊராட்சி மன்றத்துக்கு எழுதுங்கள். ஆபத்தான மரத்தை அகற்றச் சொல்வதும் மரத்தைக் காப்பதில் ஒரு பகுதியே. மின்கம்பியைத் தொடும் கிளையை நாமே வெட்ட முனையக்கூடாது. வீட்டை ஒட்டி நடுவதற்குக் கறிவேப்பிலையும் முருங்கையும் போதும். பெரிய மரங்களைத் திடலுக்கும் சாலையோரத்துக்கும் விட்டுவிடுவோம்.

எங்கள் தெருவிலும் இப்படித்தான் செய்தோம். காயம்பட்ட மரத்தின் பட்ட கிளைகளை ஊராட்சி மன்றத்து ஆட்கள் வந்து அறுத்து எடுத்தார்கள். கால்வாயில் விழும் இலையை அள்ளுவதற்கு வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டோம். முன்பு குறை சொன்னவர்களும் அந்த முறையில் இருக்கிறார்கள். பாட்டிக்கு மட்டும் முறை கிடையாது. ஆனாலும் காலையில் எல்லோருக்கும் முன்னால் துடைப்பத்தோடு நிற்பவர் அவர்தான்.

பட்டணத்து மரங்களுக்கு உரியவர் யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். நிலம் அரசாங்கத்தினுடையதாக இருக்கலாம்; நட்ட கை எவருடையதோ. ஆனால் அதன் நிழலில் நின்றவர்கள் எல்லாருக்கும் அதைக் காக்கும் பொறுப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டின் மரங்களைக் கன்றிலிருந்து வளர்த்தவர்கள் நாம். தவறணையில் நீர் ஊற்றியதும், களை பிடுங்கியதும், உளியைப் பதமாகப் பிடித்ததும் நம் குடும்பத்துக் கைகள். அந்தப் பழக்கத்தை லயத்தோடு விட்டுவிட்டு வராமல், பட்டணத்துக்கும் கொண்டு செல்வோம்.