வியப்பும் பெருமிதமும்
படக்கதை வீரர்கள் திரைக்கு வந்ததைப் பற்றிச் சில எண்ணங்கள்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நெற்குப்பையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பனையும் சிலம்பையும் கேட்டுப் பழகிய அவை இது. இந்த அவையில் முகமூடி அணிந்து பறப்பவர்களைப் பற்றி ஒரு தமிழாசிரியன் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் இந்தத் தலைப்பை நானேதான் கேட்டுப் பெற்றேன். இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அது என்ன கடன் என்பதை உரையின் இறுதியில் சொல்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு என் பழைய மாணவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்தார். அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாலையில் அவர்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் மூவரும் பேசிக்கொண்டிருந்தோம். திரைப்படத்தில் எந்த வீரன் சிறந்த வீரன் என்ற கேள்வி எப்படியோ எழுந்தது. விளக்கு வைத்த பிறகும் வழக்கு முடியவில்லை.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். 1957இல் வந்த மாயா பஜாரில் ரங்காராவ் கடோற்கசனாக வந்து நிற்பார். விருந்துப் பண்டங்கள் தாமாகவே அவர் வாய்க்குள் போய்ச் சேரும். கணிப்பொறி இல்லாத காலத்தில் மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் ஒளிப்படக் கருவியைக் கொண்டே செய்த விந்தை அது. நம் காரைக்குடி தந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1948இலேயே 'வேதாள உலகம்' என்று ஒரு படத்தை எடுத்துக் காட்டியவர். இவற்றைப் பார்த்த கண்ணுக்கு வேறென்ன வேண்டும் என்றேன்.

மாணவர் சிரித்தார். "ஐயா, உங்கள் விட்டலாச்சாரியா ஜகன்மோகினி எடுத்த அதே 1978இல்தான் அமெரிக்காவில் சூப்பர்மேன் வந்தது. கிறிஸ்டோபர் ரீவ் பறந்ததைப் போல இன்றுவரை ஒருவரும் பறக்கவில்லை" என்றார். அவர் அதைச் சிறு வயதில் ஒரு கல்யாண வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்தவர்.

மகள் இருவரையும் ஒப்பவில்லை. "ஐயா, அப்பா சொல்லும் படத்தில் கம்பி கட்டி இழுப்பது தெரிகிறது. 2008இல் அயர்ன் மேன் தொடங்கி 2019இல் எண்ட்கேம் வரை பதினொரு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களை ஒரே கதையாகப் பின்னியிருக்கிறார்கள். அதைப் பொறுமையாகப் பார்க்காமலே பழையதுதான் நல்லது என்கிறீர்கள்" என்றாள்.

உலகம் முழுதும் இதே வழக்குத்தான் நடக்கிறது. 2019இல் மார்ட்டின் ஸ்கார்செசி என்ற பெரிய இயக்குநர், இப்படங்கள் திரைக்கலையைச் சேர்ந்தவை அல்ல, கேளிக்கைப் பூங்காவை ஒத்தவை என்ற கருத்தைச் சொல்லப் போக, இரு தரப்பினரும் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தீர்ப்புக்கு உதவும் அளவுகோல் ஒன்று நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லவே வந்தேன்.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

மெய்ப்பாடுகள் எட்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். நகை, அழுகை, இளிவரல் என்று செல்லும் அந்த வரிசையில் நான்காவது மருட்கை, அதாவது வியப்பு. வியப்பு எதனால் தோன்றுகிறது? முன்பு காணாத புதுமையால் தோன்றும். மிகப் பெரியதைக் கண்டு தோன்றும். மிகச் சிறியதைக் கண்டு தோன்றும். ஒன்று இன்னொன்றாக மாறுவதைக் கண்டும் தோன்றும். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு இன்றைய படங்களைப் பாருங்கள். பச்சை நிறத்தில் மலைபோல் வளரும் ஹல்க் பெருமை. 2015இல் எறும்பளவு சுருங்கி வந்த ஆண்ட்மேன் சிறுமை. சிலந்தி கடித்துச் சிலந்தியின் ஆற்றல் பெறும் இளைஞன் ஆக்கம். ஹாலிவுட்டார் கோடிக்கணக்கில் செலவிட்டுத் தேடும் வியப்பின் வாயில்கள் நான்கையும் நம் இலக்கணம் எப்போதோ எண்ணி வைத்துவிட்டது.

எட்டில் ஆறாவது பெருமிதம். வீரம் என்று நாம் சொல்வது இதைத்தான். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள். இந்தப் பட்டியலில் உடல் வலிமை தனியாக இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். பறப்பவன் வியப்புக்கு உரியவன். பறந்து சென்று தன்னிடம் உள்ளதைக் கொடுப்பவனே பெருமிதத்துக்கு உரியவன்.

நான்காவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் ஐந்தாவதாக நிற்பது எது? அச்சம். இவ்வரிசைக்குப் புதிய உரை காண்பது என் நோக்கமன்று. ஆனால் வியப்பிலிருந்து பெருமிதத்துக்குச் செல்லும் வழியில் அச்சம் என்ற ஒரு சாவடி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அங்கே சுங்கம் கட்டாமல் கடக்கிற வீரன் நம் மனத்தில் தங்குவதில்லை. என் அளவுகோல் இதுதான்.

இதைக் கொண்டு மூவர் கட்சியையும் அளந்து பார்ப்போம்.

மாணவர் போற்றும் 1978ஆம் ஆண்டுப் படத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அவன் பறப்பதன்று. வளர்த்த தந்தை மாரடைப்பால் இறக்கிறார். இத்தனை ஆற்றல் இருந்தும் அவரைக் காக்க முடியவில்லையே என்று அந்த இளைஞன் கலங்கி நிற்கிறான். அங்கேதான் அவன் நமக்கு உறவாகிறான். 2005இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த பேட்மேன் படத்தில், சிறுவன் ஒருவன் பாழுங்கிணற்றில் விழுந்து வௌவால்களைக் கண்டு நடுங்குகிறான். வளர்ந்த பின், தன்னை நடுக்கிய அந்த உருவத்தையே வேடமாகப் பூணுகிறான். எண்ட்கேம் படத்தின் இரும்பு மனிதனுக்கு ஒரு சிறு மகள் இருக்கிறாள். அவளை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் முதலில் அவன் போருக்கு வர மறுக்கிறான். இறுதியில் தன் உயிரையே கொடுக்கிறான். அது கொடை.

ஆகவே பழையது, புதியது என்ற கோட்டை வைத்து இப்படங்களைப் பிரிப்பது பொருந்தாது. வியப்போடு நின்றுவிடும் படங்கள் என் காலத்திலும் ஏராளம் வந்தன, இன்றும் வருகின்றன. பெருமிதம் வரை செல்லும் படங்கள் எல்லாக் காலத்திலும் சிலவே.

சிவகாசி தந்த வீரர்கள்

இனி, தமிழ்ப் படக்கதைகளுக்கு வருகிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1962 முதல் ஆங்கிலேயச் சிறுவர் இதழான வேலியண்டில் வந்த கதை அது. அதற்கு ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் ஒரு கையை இழந்தவனுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; இரும்புக்கை மட்டும் தெரியும். அந்த ஆற்றலை அவன் முதலில் தீய வழியில்தான் பயன்படுத்துகிறான். பின்னரே திருந்தி நன்மைக்குத் துணை நிற்கிறான்.

1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதில் தமிழ்ச் சிறுவர்கள் விரும்பிப் படித்த ஸ்பைடர் என்பவனும் குற்றவாளியாக இருந்து மாறியவனே. அவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல். 1938இல் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான். தந்தித் தாளில் 1960 முதல் நாள்தோறும் வந்த கன்னித்தீவையும் சேர்த்துக்கொண்டால், தமிழன் படக்கதைக்குப் புதியவன் அல்லன் என்பது விளங்கும்.

சோமலெ பிறந்த ஊர் இது. உலகெங்கும் சென்று, கண்டதையெல்லாம் எளிய தமிழில் நமக்குக் கொண்டுவந்து தந்தவர் அவர். சிவகாசியில் அமர்ந்து இலண்டன் கதைகளையும் இத்தாலியக் கதைகளையும் பேச்சுக் குமிழிக்குள் அடங்கும் தமிழாக்கியவர்கள் செய்ததும் அந்த வகையைச் சேர்ந்த தொண்டே. அவர்களை நம் இலக்கிய வரலாறுகள் எண்ணத் தவறிவிட்டன.

குரல் யாருடையது?

திண்ணையில் நடந்த வழக்கில் இன்னொரு கிளையும் இருந்தது. எண்ட்கேம் தமிழில் வந்தபோது, ஏ. ஆர். முருகதாஸ் உரையாடல் எழுதினார். இரும்பு மனிதனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். சுவைஞர் பலர் அன்று கொதித்தெழுந்தார்கள். மாணவரின் மகளும் அவர்களில் ஒருத்தி. "அந்தக் குரல் அவருக்கு ஒட்டவே இல்லை, ஐயா" என்றாள். அவள் காதில் முன்னமே வேறொரு குரல் குடியேறியிருந்தது.

அவள் தந்தை சொன்ன மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. "எங்கள் மாயாவிக்குக் குரலே கிடையாது. குமிழிக்குள் எழுத்து மட்டும்தான். அதனால் எங்கள் குரலிலேயே அவன் பேசினான்" என்றார்.

2023இல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' வந்தது. அதன் நாயகன் நாளிதழுக்குப் படக்கதை வரையும் அச்சம் மிகுந்த இளைஞன். அவன் வரைந்த வீரனின் குரலே அவன் காதில் ஒலித்து அவனை ஏவுகிறது. குடிசைகளிலிருந்து ஏழை மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய அடுக்குமாடி, கட்டிய வேகத்தில் பிளக்கிறது. அதை எதிர்த்து நிற்க வேண்டிய கட்டாயம் அந்தக் கோழைக்கு வந்து சேர்கிறது. அந்தக் குரலைக் கொடுத்தவரும் விஜய் சேதுபதிதான். எண்ட்கேமில் அவரை ஏற்காத அந்தப் பெண் இதில் மனமார ஏற்றாள். குரல் அதேதான். ஆனால் இங்கே அது தமிழிலேயே பிறந்த ஒரு வீரனுக்கு உரியது. அவனுக்கு நம் ஊர்ச் சிக்கல் இருந்தது, நம் ஊர் அச்சமும் இருந்தது.

2012இல் மிஷ்கின் 'முகமூடி' எடுத்தபோது தமிழுக்கும் ஒரு முகமூடி வீரன் வந்தான் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்த உடை நம் தெருவுக்குப் பொருந்தவில்லை என்றவர்களும் உண்டு. 2021இல் மலையாளத்தில் வந்த 'மின்னல் முரளி' அந்தக் குறையைக் களைந்தது. சிற்றூர்த் தையற்காரன் ஒருவன் அமெரிக்கா செல்லக் கனவு காண்கிறான். மின்னல் தாக்கி ஆற்றல் பெற்றபின், தன் ஊருக்காக நிற்கிறான். அதே மின்னல் தாக்கிய இன்னொருவன், நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்தது, அன்பு கிட்டாமல் அழிவுப் பாதையில் போகிறான். ஒரே ஆற்றல் இருவருக்குக் கிடைத்து இரு வழியில் பிரிகிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மக்களை அனுப்பிவிட்டுப் பூட்டிய வீடுகளோடு காத்திருந்த ஊர்கள் நம்முடையவை. ஊருக்காக ஒருவன் நிற்பது எவ்வளவு பெரிய கொடை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் கடன்

இனி, என் கடனைச் சொல்லி முடிக்கிறேன்.

1985ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் தமிழ்ப் புத்தகத்துக்குள் வேறொன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். கைமாறிக் கைமாறி அட்டை நைந்த இரும்புக்கை மாயாவி. வகுப்பின் முன்னிலையில் அதை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். தமிழைக் காத்துவிட்டதாக அன்று எனக்குள் ஒரு நிறைவு.

அந்த மாணவர்தான் பொங்கலுக்கு வந்தவர். திண்ணையில் பேச்சு ஓய்ந்தபின் மெல்லச் சொன்னார்: "ஐயா, அந்தப் புத்தகம் என்னுடையதன்று. நாங்கள் நான்கு பேர் காசு சேர்த்துப் பொன்னமராவதியில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. மற்ற மூவருக்கும் நான்தான் காசு கொடுத்துத் தீர்த்தேன். அதற்குப் பிறகு பாடம் தவிர எதையும் தமிழில் படிக்க எனக்கு அச்சமாகிவிட்டது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. பிழையின்றித் தமிழ் எழுதும் பையன் அவர். அவருடைய மகளுக்கு இன்று தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்த நான்கு துண்டுகளின் கணக்கு எங்கே போய் முடிந்திருக்கிறது என்று பாருங்கள். அச்சம் வீரனைப் பெருமிதத்துக்குக் கொண்டு செல்லும் சாவடி என்று சற்று முன் சொன்னேன். ஆசிரியன் ஊட்டும் அச்சத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. அது வழியையே அடைத்துவிடுகிறது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் என் வேண்டுகோள் இது. பிள்ளைகள் எந்த வீரனைக் கொண்டாடினாலும் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவன் எதற்கு அஞ்சினான், எதைக் கொடுத்தான் என்று வினவுங்கள். அந்த வினா அவர்களைப் புறநானூற்றின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.

வட்டத்துக்கும் ஒரு வேண்டுகோள். பதினொன்றாம் ஆண்டில் ஒரு திங்கள் கூட்டத்தைத் தமிழ்ப் படக்கதைக்கு ஒதுக்குங்கள். நம் புத்தக அலமாரியில் அவற்றுக்கு ஒரு தட்டும் வேண்டும். அதில் வைக்க முதல் நூலை நான் கொண்டுவந்திருக்கிறேன். இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு. இதை என் மாணவரின் பெயரால் வட்டத்துக்கு அளிக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மகளை அருகில் அமர்த்தி இதை எழுத்துக் கூட்டிப் படிக்க வைப்பதாக அவர் வாக்களித்திருக்கிறார்.