ஒரு பஞ்சாயத்து அங்கத்தினரின் அபிப்பிராயங்கள்

(கூட்டுறவு வாரக் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கணக்கு எழுதும் முறையைப் பற்றி இன்று மாலை உங்களிடம் பேசும்படி எனக்குக் கட்டளையாயிருக்கிறது. சென்ற வருஷமும் அதையே பேசினேன். கேட்டவர்களில் பாதிப்பேர் உறங்கிவிட்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். ஆகையால் அக்கிராசனர் அவர்களின் அனுமதியோடு வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். என் சரகத்திலுள்ள ஒரு கிராமத்தில் பஞ்சாயத்து அங்கத்தினராயிருந்த ஒரு பெரியவர், ஊர்க் காரியங்களைப் பற்றியும் தேச அரசியலைப் பற்றியும் கொண்டிருந்த அபிப்பிராயங்களே அவ்விஷயம். நான் மெட்ரிகுலேஷன் மட்டும் தேறியவன். அரசியல் சாஸ்திரம் கற்றவனல்லன். உத்தியோகஸ்தனாகையால் எந்தக் கட்சியையும் புகழவோ இகழவோ எனக்கு உரிமையுமில்லை. கேட்டதையும் கண்டதையும் மட்டுமே சொல்லுகிறேன்.

அப்பெரியவருக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு எருமைகளும் உண்டு. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஒரு வார்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரையில் அங்கத்தினராயிருந்தார். நம் ராஜ்யத்தில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் கட்சிச் சின்னமின்றி நடப்பது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அவருக்குக் கட்சி உண்டு. அதை அவர் மறைத்ததுமில்லை. டவுனில் கூட்டம் நடந்தால் கரை வேட்டி கட்டிக்கொண்டு போவார். பஞ்சாயத்து ஆபீஸுக்கு வரும்போது மாத்திரம் வெறும் வெள்ளை வேட்டி. இதை முதலில் நான் ஒரு நடிப்பென்றே எண்ணினேன்.

அவரை நான் முதன்முதல் சந்தித்தது எங்கள் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில். வரவு செலவு அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள் அவர் எழுந்து, காலனியிலிருந்து ஒருவரேனும் ஏன் வரவில்லை என்று கேட்டார். பிறகு அரசியல் சட்டம் என்றும் சமத்துவம் என்றும் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் சற்றுக் கடுமையாகவே, "ஐயா, ஊர்க் காரியம் வேறு, தேச அரசியல் வேறு. சங்கத்தில் அரசியலைக் கொண்டு வராதீர்கள்" என்றேன். சபையும் என் பக்கமே இருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, உங்களுக்குப் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒரு குழாயைப் பார்த்துவிட்டுப் போகலாம், வாருங்கள்" என்று அழைத்தார்.

அவருடைய வார்டில் தெற்குத் தெருவும், அதற்கப்பால் தாழ்த்தப்பட்ட மக்கள் வசிக்கும் காலனியும் சேர்ந்திருந்தன. ஊருக்கு ஒரே மேல்நிலைத் தொட்டி. அது தெற்குத் தெருவின் தலைப்பில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் குழாய் தெரு முழுவதையும் கடந்து கடைசியில் காலனியை அடைகிறது. தண்ணீர் திறந்தவுடன் தெருவிலுள்ள குழாய்களெல்லாம் ஒருங்கே திறக்கும். சில வீடுகளில் குழாயில் மோட்டாரும் பூட்டியிருந்தார்கள். எஞ்சியது காலனிக்கு. தொட்டியருகே ஒரு குடம் ஒரு நிமிஷத்தில் நிரம்புவதையும், காலனியின் கடைசிக் குழாயில் அதே குடம் நிரம்பப் பதினொரு நிமிஷம் ஆவதையும் அவர் கைக்கடிகாரத்தை வைத்து எனக்குக் காட்டினார். அங்கே இருபது முப்பது பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். "பேரவைக் கூட்டம் காலை பத்து மணிக்கு. குழாய் விடுவதும் பத்து மணிக்கு. இவர்கள் எப்படி வருவார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பம்பு பழுதில்லை, தொட்டியில் நீருக்கும் குறைவில்லை. குறை ஒரு வால்வில் இருந்தது. அதைத் திருப்பும் வழக்கத்தில் இருந்தது என்று சொல்வது இன்னும் பொருந்தும். தெருக் கிளைகளை முதலில் அடைத்துவிட்டுக் காலனிக்கு முக்கால் மணி நேரம் நீர் விட்டு, அதன் பிறகு தெருவுக்குத் திறந்தால் இரண்டிடத்தும் போதிய நீர் வரும் என்பது அவருடைய கணக்கு. இதைப் பஞ்சாயத்தில் நிறைவேற்ற அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. தீர்மானம் ஆன பிறகும் டாங்க் ஆபரேட்டர் பழைய கையையே காட்டினார். பெரியவர் விடிகாலையில் தொட்டியடிக்குப் போய் நிற்கத் தொடங்கினார். அவர் தெற்குத் தெருக்காரர். மோட்டார் பூட்டியிருந்தவர்களில் அவருடைய மைத்துனரும் ஒருவர். அந்த வருஷம் மைத்துனர் வீட்டுக் கலியாணத்திற்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அவருடைய மனைவியார் மாத்திரம் போய் வந்தார். அதுபற்றி அந்த வீட்டில் நாலு நாள் பேச்சில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்தாரேயன்றி அது அவருக்கு வலித்தது என்பதை அறிந்தேன்.

இனி அவருடைய தேச அபிப்பிராயத்திற்கு வருகிறேன். டெல்லியில் எவர் ஆளுகிறார் என்பதைப் பற்றி அவர் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: தேசத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் அங்கத்தினரிடம், அவருடைய வார்டில் கடைசிக் குழாயில் குடம் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று முதலில் கேட்பார். தெரியாதென்றால் பேச்சை மாற்றிவிடுவார். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. "அது டெல்லியிலிருந்து என் வார்டுக்கு வந்து சேரும் வழியில் இந்த வால்வு ஒன்று இருக்கிறது, தம்பி" என்று அவர் சொன்னார். ஊர்க் காரியம் வேறு, தேச அரசியல் வேறு என்று நான் சபையில் கூறியதை அன்றே மனத்தில் வாபஸ் பெற்றுக்கொண்டேன். இன்று உங்கள் முன்னிலையிலும் வாபஸ் பெறுகிறேன்.

அவர் சொல்லக் கேட்ட பின்பு நானும் சில புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். ரிப்பன் பிரபு 1882-ல் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, ஜனங்களுக்கு அரசியல் பயிற்சி அளிப்பதே அதன் முக்கிய நோக்கமென்று கருதினார். அப்பயிற்சியில் தேறியவர்களைப் பாருங்கள். வல்லபாய் பட்டேல் 1917-ல் ஆமதாபாத் நகரசபையில் புகுந்து, 1924 முதல் 1928 வரை அதன் தலைவராயிருந்தார். ஜவஹர்லால் நேரு 1923-ல் அலகாபாத் நகரசபைக்குத் தலைவரானார். முதலில் மனமில்லாமல் ஏற்றுப் பிறகு அவ்வேலையில் ஊக்கங்கொண்டதையும், அந்த இயந்திரத்தை அதிகம் அசைக்க முடியாமற்போனதையும் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். 1924-ல் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் மேயர்; சுபாஷ் சந்திர போஸ் அங்கே பிரதம நிர்வாக அதிகாரி. நம் பக்கத்தில் ராஜகோபாலாச்சாரியார் 1917-ல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஈ. வெ. ராமசாமி அவர்கள் ஈரோடு நகரசபைத் தலைவராயிருந்து, அதைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். பின்னாளில் ஒருவரோடொருவர் எவ்வளவோ மாறுபட்ட இவர்களெல்லாரும் சாக்கடையையும் குழாயையும் வரி பாக்கியையும் பார்த்தே பொது வாழ்வில் கை பழகியவர்கள்.

ஊரிலிருந்து தேசத்திற்குப் போன காரியமும் உண்டு. 1920-ல், ஸர் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராயிருந்த காலத்தில், சென்னை நகரசபையார் ஆயிரம்விளக்குப் பகுதியிலுள்ள தங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவை ராஜ்யமெங்கும் பரப்பினார். 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1995-ல் மத்திய சர்க்கார் தேசிய திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. சமைத்த உணவே கொடுக்கவேண்டுமென்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இதைப் பெரியவருக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: அந்த ஓர் அணாவை எந்த இனத்தில் செலவெழுதினார்கள்? கணக்கு இலாகாவைச் சேர்ந்த எனக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை.

கிராமத்தைப் பற்றி அவருக்கு மிகுந்த மோகமில்லை. 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமம் குறுகிய புத்திக்கும் வகுப்பு வேற்றுமைக்கும் இருப்பிடம் என்ற கருத்துப்படப் பேசினார். அதே மாதம் 22-ல் நம் நாட்டவரான கே. சந்தானம் பஞ்சாயத்துகளை அமைக்கவேண்டுமென்று திருத்தம் கொண்டு வர, அம்பேத்கரே அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40-வது பிரிவு. இவ்விருவரில் யார் பக்கம் என்று கேட்டேன். "இரண்டு பேரும் என் வார்டைப் பார்த்தே பேசியது போலிருக்கிறது" என்றார். 1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தத்தின்படித் தாழ்த்தப்பட்டோருக்குத் தலைவர் ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்ட பின்பு, 1997 ஜூன் 30-ல் மதுரை ஜில்லா மேலவளவில், அவ்வாறு தேர்தலில் வென்ற தலைவர் முருகேசனும் உடனிருந்த சிலரும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் 1996 தொடங்கி 2006 வரையில் அந்த ஸ்தானம் ஒழுங்காக நிரப்பப்படவேயில்லை. இவற்றைச் சொல்லும்போது பெரியவருடைய குரல் தாழ்ந்துவிடும். தமக்கு ஒரு கலியாண அழைப்புத்தானே தவறியது என்பார்.

ஒரு விஷயத்தில் அவருக்கும் எனக்கும் முழுவதும் ஒத்துப்போகவில்லை. 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய், 16.43 லட்சம் விவசாயிகளுக்குத் தள்ளுபடியானது. 2006-லும் இவ்வாறே தள்ளுபடி நடந்தது. மழை பொய்த்த வருஷத்தில் கடனைத் தள்ளுவது தருமமே என்பது அவர் கட்சி. எருமைக் கன்றை விற்றுத் தவணையைக் கட்டியிருந்த அவருக்குத் தள்ளுபடியில் ஒரு காசும் கிட்டவில்லை. அப்படியிருந்தும் அப்படிச் சொன்னார். நான் வசூல் செய்கிறவன். தேர்தல் நெருங்க நெருங்க, கட்டச் சக்தியுள்ளவர்களும் கையை மடக்கிக்கொள்வதைக் கண்ணாரக் காண்கிறேன். தவணை தவறாதவருக்கு வட்டியில்லை என்ற சலுகை இருந்தும், எல்லாம் தள்ளுபடியாகும் என்ற வதந்தி அதை வென்றுவிடுகிறது. இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்து, தள்ளுபடி பெற்றவர் பெயர்ப் பட்டியலைப் பேரவையில் உரக்கப் படித்தால் பாதிக் கோளாறு தீரும் என்றார். பட்டினியால் தவறியவனையும் பேராசையால் தவறியவனையும் ஒரே பட்டியலில் வைத்து ஊர்முன் படிப்பது சரியல்ல என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. அவர் ஒப்பவில்லை.

வெள்ளை வேட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதவியேற்ற முதல் வாரத்தில் கரை வேட்டியோடு காலனிக்குப் போனாராம். அங்கே ஒரு கிழவி, மாற்றுக் கட்சிக்கு வாக்களித்தவள், தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாளாம். மறுநாள் வேட்டியை மாற்றினார்.

பதவிக்காலம் முடிந்த பின்பு, சென்ற மாதம் அந்த ஊருக்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். வால்வு மறுபடியும் பழைய வழக்கத்திற்கே திரும்பியிருந்தது. பெரியவர் காலனியின் கடைசிக் குழாயடியில் கடிகாரத்தோடு நின்றிருந்தார். இப்போது ஏழு நிமிஷம் ஆவதாகவும், அதை எழுதி அதிகாரிக்கு மனு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். பிறகு, சங்கப் பேரவைக் கூட்டத்தை மாலை நாலு மணிக்கு வைக்கமுடியுமா என்று கேட்டார். டைரக்டர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அதற்கான நோட்டீஸைச் சங்கத்து வாசலில் ஒன்றும், காலனிக் குழாயடியிலுள்ள சுவரில் ஒன்றுமாக நானே ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.