மூட்டு வலிக்குப் பின்னால் ஓர் இதய நோய்

பள்ளிச் சிறுவன் ஒருவன் முழங்கால் வீங்கி நொண்டினால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்றோ, வளரும் வயதின் வலி என்றோ வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், முழங்கால் தேறியதும் கணுக்கால் வீங்கி, அதுவும் தணிந்தபின் மணிக்கட்டு சிவந்து நோகுமானால், காய்ச்சலும் உடனிருக்குமானால், கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் இக்குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்ததா?

'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையைத் தாக்கும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பு, சில குழந்தைகளிடம் திசைமாறி அவர்களுடைய திசுக்களையே தாக்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குட்பட்டோரிடம் மிகுதி. மூட்டுகள் தழும்பின்றி ஆறிவிடும். இதய வால்வுகளோ தடித்துச் சுருங்கும். வலி போயிற்று என்று குடும்பம் நிம்மதி அடையும் வேளையில், நோய் உள்ளே வேலையைத் தொடரக்கூடும்.

இதனை உறுதி செய்யத் தனியொரு சோதனை இல்லை. டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்த அடையாளங்களே இன்றும் அடிப்படை. நோய் மிகுந்த சமூகங்களில் ஒரே மூட்டின் வீக்கத்தையும், வீக்கமற்ற பல மூட்டு வலியையும்கூட முக்கிய அடையாளமாகக் கொள்ளலாம் என 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. இந்தியாவுக்கு இது மிகவும் பொருந்தும். ஆஸ்பிரின் வகை மருந்துகளுக்கு இவ்வலி விரைவில் அடங்குவதால், கடையில் வாங்கிய இரண்டு மாத்திரைகள் வலி இடம் மாறும் அடையாளத்தையே அழித்துவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஏ.எஸ்.ஓ. இரத்தச் சோதனை, கிருமி முன்பு தாக்கியதை மட்டுமே காட்டும். அந்த எண் ஒன்றை மட்டும் நம்பி, சாதாரண மூட்டு வலிக்காரருக்கு ஆண்டுக்கணக்கில் பென்சிலின் போடுவது வீண்செலவு.

பெங்களூருவில், விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் தோன்றிப் பின்னர் ஜெயநகருக்கு இடம்பெயர்ந்த ஸ்ரீ ஜெயதேவா இதயநோய்க் கழகத்திற்கு, சுருங்கிய ஈரிதழ் வால்வை பலூன் மூலம் விரிக்கும் சிகிச்சை பழகிய பணி. ஜப்பானின் கன்ஜி இனோவே 1984-இல் அறிவித்த முறை அது. இவ்வகை நோயாளரிடையே இளம் பெண்கள் அதிகம். கருவுற்ற காலத்து மூச்சுத்திணறலே பலருக்கு முதல் அறிகுறி. சிறுவயதில் மூட்டு வலித்ததா என்று கேட்டால், சிலருக்கு நினைவிருக்கும், பலருக்கு இராது.

தடுப்பு மருந்து புதிதன்று. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி. குறைந்தது ஐந்தாண்டுகள், வால்வு பழுதுற்றவர்க்கு அதைவிட நெடுங்காலம். இந்தியா 1954-இலேயே பிம்ப்ரியில் அரசுத்துறை நிறுவனம் அமைத்துப் பென்சிலின் தயாரிப்பில் இறங்கிய நாடு. ஆயினும், ஒவ்வாமை அச்சத்தால் ஊசி போடத் தயங்கும் மருத்துவர்கள் இருக்கின்றனர். கடும் ஒவ்வாமை அரிது, முன்னெச்சரிக்கையுடன் போடலாம். அதைவிடப் பெரிய தடை இடப்பெயர்ச்சி. ராய்ச்சூரிலிருந்தோ கலபுரகியிலிருந்தோ கட்டடவேலைக்கு வரும் குடும்பத்தின் குழந்தைக்கு ஊசி அட்டை ஊரிலும், உடல் நகரத்திலுமாக இருந்தால், அடுத்த தவணையை யார் நினைவூட்டுவது? நெரிசலான கொட்டகையில் தொண்டைக் கிருமி எளிதில் பரவுகிறது என்பதும் இங்கே சேர்த்துக் கொள்ளத்தக்கது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ருமாட்டிக் இதயநோய் இடம்பெற்றுள்ளது. ஆனால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு நெஞ்சில் கேட்கும் முணுமுணுப்பு ஒலி, வால்வு கெட்டபின் எழுவது. வருகைப் பதிவேட்டில் மூட்டு வலியென்று விடுப்பெடுத்த மாணவனை முதலில் அறிபவர் வகுப்பாசிரியர். அப்பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டால், வால்வு கெடுமுன்பே ஊசி தொடங்க வழியுண்டு.