கோமுகியிலிருந்து கீரிமலைக்கு



கச்சிராயபாளையத்தில் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு வாசனைகள் வரும். ஒன்று கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்றின் வாசனை. மற்றொன்று அரவை நடக்கும் காலத்தில் சர்க்கரை ஆலையிலிருந்து எழும் கரும்புப்பாகின் வாசனை. பங்குனி மாதம் ஒருநாள் அந்த இரண்டையும் மூச்சில் நிரப்பிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். கையில் ஒரு பை, சட்டைப்பையில் பாஸ்போர்ட். போகும் இடம் இலங்கையின் வடகரையில் இருக்கும் காங்கேசன்துறை. போவது கப்பலில்.

மலையடிவாரத்துக்காரனுக்குக் கடலோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் கோமுகி அணைக்குப் போயிருப்பீர்கள். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி அங்கே சேருகிறது. அணையின் உயரம் 46 அடி. மதகு திறந்தால் தண்ணீர் கோமுகி ஆறாகக் கிழக்கே போய் மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேருகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. பரங்கிப்பேட்டை ஒரு காலத்தில் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து வணிகம் செய்த துறைமுகம். ஆக, எங்கள் ஊர்த் தண்ணீருக்கு எப்போதோ கடல் பழகிவிட்டது. நாங்கள்தான் தாமதம்.

கப்பல் புறப்படும் நாகப்பட்டினத்துக்குப் போகும் வழியும் அந்தத் தண்ணீரின் வழிதான். கள்ளக்குறிச்சி தாண்டி விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றைப் பார்த்தேன். கோடை தொடங்கிவிட்டதால் மணல்தான் தெரிந்தது. புவனகிரிப் பாலத்தில் வெள்ளாறு. அங்கே கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, நம்ம ஊர் மழையில் ஒரு சொட்டாவது இதில் இருக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், பிறகு நாகை.

நான் ஏறப்போகும் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆசியக் கடல்களில் இன்று சிறிய சொகுசுக் கப்பல்கள் நிறைய ஓடுகின்றன. நூறு, இருநூறு பேர் மட்டும் பயணம் செய்யும் கப்பல்கள். சிங்கப்பூர், பினாங்கு, தாய்லாந்துக் கரை, இந்தோனேசியத் தீவுகள் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று போகும். ஆயிரக்கணக்கில் ஆளேற்றும் பெரிய கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். சின்னக் கப்பல் ஆழம் குறைந்த துறையிலும் ஒதுங்கும். ஊரின் வாசலிலேயே உங்களை இறக்கிவிடும். நம் சென்னையிலிருந்தும் 2023 ஜூனில் ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றிவரப் புறப்பட்டது. அது பெரிய கப்பல். விருந்து, நீச்சல்குளம், கலை நிகழ்ச்சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் என்னைப் போன்றவர் கைக்கு எட்டும் கப்பல், நாகையிலிருந்து புறப்படும் சிறிய கப்பல்தான். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ இந்தத் தடத்தில் முதலில் ஓடியது. 150 பேர் போகலாம். சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை வந்து நிறுத்திவிட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம். கச்சிராயபாளையத்திலிருந்து நாகைக்கு வர எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனது.

கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாளை நாகைக்கும் நாகூருக்கும் கொடுத்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய மன்னர், ராஜராஜ சோழன் காலத்தில் நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்ட, சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தார். கடல் தாண்டி வந்த ஒருவருடைய வழிபாட்டுக்கு இந்த மண்ணில் ஓர் ஊரின் வருமானம்! நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி உயரம். அந்தக் காலத்தில் கடலிலிருந்து வருகிறவர்கள் கரையை அடையாளம் கண்டது இதைப் பார்த்துத்தான். இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவிலும் பினாங்கு சூலியா தெருவிலும் நாகூர் தர்காவின் பெயராலேயே நினைவிடம் கட்டினார்கள். புறப்பட்ட துறைமுகத்தை இறங்கிய துறைமுகத்திலும் எழுப்பிக்கொண்டவர்கள் அவர்கள்.

‘ரஜூலா’ கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஓடியது. ஆயிரக்கணக்கானவர்கள் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போனார்கள். தென்னார்க்காட்டு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர். ‘கப்பலுக்குப் போயிட்டான்’ என்றால் எப்போது திரும்புவான் என்று தெரியாது என்பதுதான் அன்றைக்கு அதன் பொருள். இன்று நான் ஜன்னலோர இருக்கையில் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்து கடல் பார்த்துக்கொண்டே போகிறேன். சொகுசு என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தளத்துப் பாய்கள் என் நினைவுக்கு வருகின்றன.

காலையில் சுங்கச் சோதனை, குடியகல்வு முத்திரை எல்லாம் முடிந்து ஏறினோம். என்ஜின் முதலில் தாழ்ந்த குரலில் முனகியது. பிறகு காலடியில் ஒரு நடுக்கம். கடுவையாற்று முகத்தில் கட்டியிருந்த விசைப்படகுகள் பின்னால் நகர்ந்தன. அப்புறம் கலங்கரை விளக்கம், வேளாங்கண்ணிப் பக்கத்துத் தென்னைகள், ஒரு பச்சைக் கோடு, அதன்பின் ஒன்றுமில்லை. கடல் தண்ணீர் கரையோரம் செம்மண் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. அரைமணி நேரத்தில் பச்சையாகி, பிறகு கருநீலமானது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அதன் தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகள் இருப்பதால் பெரிய கப்பல்கள் இந்த வழியே குறுக்கே போகாமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சின்னக் கப்பலுக்குத்தான் இந்தக் கடல் வழிவிடுகிறது.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா பிளாஸ்டிக் கூடையில் மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த தங்கை மகளுக்கு. மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும், வாடாது என்றார். கப்பல் மறுபடி ஓடத் தொடங்கும்வரை முப்பது நாற்பது ஆண்டுகளாக இந்தத் தடத்தில் ஒரு முழம் பூ இப்படிப் போயிருக்க முடியாது.

கரை தெரிந்தபோது எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப்பார்த்தோம். முதலில் பனைகள். பனைகள் மட்டுமே. பிறகு கலங்கரை விளக்கம், பழைய சிமெண்ட் ஆலையின் கட்டடம். அதுதான் காங்கேசன்துறை. காங்கேயன் என்பது முருகன் பெயர். மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் சிலை வந்திறங்கிய துறை என்று ஊர் மரபு சொல்கிறது. 1990இல் உள்நாட்டுப் போரால் இந்தப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். போருக்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே பல நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தன. ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை வந்தது 2015 ஜனவரியில். கூரை போன வீடுகள் சில இன்னும் பூவரசுகளுக்கு நடுவே நிற்கின்றன. பக்கத்திலேயே புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு, முற்றத்தில் காயும் மிளகாய்.

கிழக்கே கொஞ்ச தூரத்தில் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய பாய்க்கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’ 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 90 அடி நீளம்தான். ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள். சின்னக் கப்பலுக்கு எல்லை எது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நான் போக விரும்பியது கீரிமலைக்கு. காங்கேசன்துறையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர். ஓட்டோ ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும்.

“எங்கையிருந்து வாறியள் அண்ணை?”

“கள்ளக்குறிச்சிப் பக்கம், கச்சிராயபாளையம். கல்வராயன் மலை அடிவாரம்.”

“மலையோ!” என்று திரும்பிப் பார்த்தார். “யாழ்ப்பாணத்திலை மலை இல்லை. கேணியிலை முதல் குளியுங்கோ.”

கீரிமலைக் கேணி கடலை ஒட்டி இருக்கிறது. ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடித்துச் சிதறுகிறது. இந்தப் பக்கம் தெளிந்த ஊற்றுநீர். இறங்கி முங்கி எழுந்தேன். உதட்டில் பட்ட தண்ணீரில் கடலின் கரிப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே நடந்து, கடல் ஓரத்தில் இப்படி மேலே வருகிறது. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குக் கடன் கழிக்க ஊர் முழுவதும் இங்கே கூடும்.

தலை துவட்டிக்கொண்டே நகுலேஸ்வரர் கோயில் பக்கம் வந்து ஓட்டோ அண்ணனைக் கேட்டேன்: “மலை எங்கே அண்ணே? கீரிமலை என்கிறார்களே?”

அவர் செருப்பால் தரையைத் தட்டினார். “ஏறித்தான் நிக்கிறியள்.”

கடலிலிருந்து சில அடி உயரமான மேடு. அதுதான் அவர்களுடைய மலை. கல்வராயனைப் பற்றிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்: மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகள், கடுக்காயும் தேனும் சுமந்து இறங்கும் மலையாளிப் பழங்குடி மக்கள். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்று கேட்டார்.

“அங்கை பெய்யிற மழைத் தண்ணி எல்லாம் பிறகு எங்கை போகும்?”

“ஆத்துல போய் பரங்கிப்பேட்டைக் கடல்ல சேரும்.”

அவர் மதிலுக்கு அப்பால் வடக்கே கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப இந்தக் கடல்தான்” என்று சொல்லிவிட்டு ஓட்டோவைக் கிளப்பினார்.