மாநாடும் மண்டபமும்: பொதுப் பொறுப்புக் காப்புறுதி பற்றி ஓர் உரை



ஆலய மண்டபங்கள் இக்காலத்தில் திருமணங்களுக்கு மட்டும் வாடகைக்கு விடப்படுவதில்லை. வணிகக் கருத்தரங்குகளும் பொருட்காட்சிகளும் நிறுவனங்களின் ஆண்டு விருந்துகளும் அங்கே நடைபெறுகின்றன. வாடகை எவ்வளவு, ஒலிபெருக்கி யாருடையது, எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்றெல்லாம் நிர்வாகத்தினர் பேசி முடிக்கின்றனர். தரையில் கிடந்த மின்கம்பி தடுக்கி ஒரு முதியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அந்தச் செலவு யாருடையது என்பதை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

இக்கேள்விக்குச் சட்டம் அளிக்கும் விடையின் வேர் சற்றுத் தொலைவில் இருக்கிறது. 1928-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தாம் அருந்திய இஞ்சிப் பானப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததென்று ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, தன் செயலால் பாதிக்கப்படக்கூடிய அயலாரிடத்து ஒருவன் கவனத்துடன் நடந்துகொள்ளக் கடமைப்பட்டவன் என்னும் நெறியை வகுத்தது. மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களும் அந்நெறியைப் பின்பற்றுகின்றன. ஆகவே விழா எடுப்பவருக்கும் இடம் தருபவருக்கும் அக்கடமை உண்டு. சங்கம் தனிச் சட்ட ஆளாக இல்லாதவிடத்து, நிர்வாகக் குழுவினரே வழக்கில் நிற்க நேரலாம்.

இதற்கென உள்ளதே பொதுப் பொறுப்புக் காப்புறுதி. விழாவுக்கு வந்த வெளியார்க்கு நேரும் உடற்காயத்துக்கும் பொருட்சேதத்துக்கும் ஏற்பாட்டாளர் சட்டப்படி ஈடு செய்ய வேண்டி வந்தால், குறிப்பிட்ட வரம்புவரை நிறுவனம் அத்தொகையை ஏற்கும். வழக்குச் செலவும் பொதுவாக இதில் அடங்கும். சொந்த ஊழியர் இதில் சேரார். அவர்களுக்கு மலேசியாவில் சொக்சோவும் சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமும் உள்ளன. பந்தி பரிமாறும் தொண்டூழியர்தாம் இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போகின்றனர். அவர்களைப் பெயர் சொல்லிச் சேர்க்குமாறு கேட்பது நிர்வாகத்தின் வேலை. காப்புறுதி முகவர் தாமாக நினைவூட்டுவார் என்று காத்திருப்பது வீண்.

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் கணபதி விழா எடுக்கும் ஜி.எஸ்.பி. சேவா மண்டல், 2022-இல் 316.40 கோடி ரூபாய்க்குக் காப்புறுதி செய்தது. நகைகளுக்கு உரியது 31.97 கோடி மட்டுமே. மிகப் பெரும் பங்கு, தொண்டர்கள், அர்ச்சகர்கள், சமையற்காரர்கள், காவலர்கள் ஆகியோரின் விபத்துக் காப்புறுதிக்குச் சென்றது. பந்தலுக்கும் பக்தர்களுக்குமான பொதுப் பொறுப்புக்கு 20 கோடி. கணபதியின் நகையைவிடச் சமையற்காரரின் உயிர் பெரிதென்று கணக்கெழுதிய அக்குழுவினரைப் பாராட்டாமல் இருக்க இயலவில்லை.

மண்டபத்தை வாடகைக்கு விடுவோர், வாடகைதாரரின் காப்புறுதிச் சான்றிதழை முன்கூட்டியே கேட்டுப் பெறுதல் வேண்டும். அதில் ஆலயத்தின் பெயரும் காப்புறுதி பெறுவோராகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். தேதியையும் கூர்ந்து நோக்குக. மாநாடு சனிக்கிழமை என்றால் மேடை கட்டுவது வெள்ளி இரவு. பிரிப்பது ஞாயிறு காலை. ஏணியும் இரும்புச் சட்டமும் புழங்கும் அவ்விரு வேளைகளும் காப்புக் காலத்துக்குள் அடங்கவேண்டும். உணவால் வரும் நோய், வாணவேடிக்கை, வாடகைக்கு எடுத்த மண்டபத்துக்கே நேரும் சேதம் ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சியே ரத்தானால் வரும் நட்டம் வேறு வகைக் காப்புறுதி. 2020-இல் விம்பிள்டன் போட்டி பெருந்தொற்றால் நின்றபோது ஏற்பாட்டாளருக்குக் கைகொடுத்தது அதுவே.

விபத்து நேர்ந்துவிட்டால் முதலில் காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அடுத்து இடத்தைப் படமெடுத்து, கண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, காப்புறுதி நிறுவனத்துக்குத் தாமதமின்றி எழுத வேண்டும். நல்லெண்ணத்தால், “தவறு எங்களுடையதே, முழுச் செலவையும் தருகிறோம்” என்று செயலாளர் கடிதம் கொடுத்துவிடலாகாது. நிறுவனத்தின் இசைவின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. பழங்கூடையுடன் சென்று நலம் விசாரித்து வருவதை எந்த ஒப்பந்தமும் தடுப்பதில்லை. வழக்கறிஞரின் கடிதம் வந்தால், பதில் எழுதாமல் அன்றே அதை நிறுவனத்திடம் சேர்ப்பிக்க வேண்டும்.