மாக்கோழியும் மண்ணுருவும்



திருக்குட நன்னீராட்டுக் காணக் குழுமியுள்ள இப்பேரவையில், கொல்லாமையைக் கதையால் உணர்த்திய இரு தமிழ்க் காப்பியங்களைக் குறித்துச் சில கூற விழைகின்றேன். இரண்டும் சமணப் பெரியோர் யாத்தவை. சமணம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் அதற்குச் சான்று.

யசோதர காவியத்தில், தீக்கனாக் கண்ட மன்னனைத் தேவிக்குப் பலியிடுமாறு தாய் தூண்டுகின்றாள். உயிரைக் கொல்ல அவன் இசையவில்லை. முடிவில், மாவினாற் செய்த கோழியை வாளால் வெட்டுகின்றான். குருதி சிந்தவில்லை, எனினும் அவ்வினையால் மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, மேலும் பல பிறவிகளில் உழல்கின்றனர்.

நீலகேசியிலோ, காளி கோயிலில் உயிர்ப்பலியிட வந்தோரை முனிச்சந்திரர் என்னும் துறவி தடுத்து, மண்ணுருவம் படைத்தாலே போதும் என்கின்றார். அவரை அச்சுறுத்த வந்த நீலியே பின்னர் அவ்வறத்தைத் தழுவுகின்றாள்.

மாவுருவம் பாவமாயின் மண்ணுருவம் எங்ஙனம் அறமாகும்? விடை உள்ளத்தில் உள்ளது. மன்னனின் கை மாவை வெட்டியது. மனமோ உயிரைக் கொன்றது. முனிவர் கூறிய மண்ணுருவம் வெட்டுதற்கன்று; உயிர்கள் பிழைத்து மீளுதற்கு.

உயிர்ப்பலியைத் தடுக்க 1950-இல் இம்மாநிலத்தில் சட்டம் இயற்றப்பெற்றது. 2004-இல் அது நீக்கப்பெற்றது. சட்டம் வரும், போகும். உள்ளத்திற் பதிந்த கதை எளிதில் நீங்காது.

புலால் உண்ணாமையும் இவ்வுள்ளத்தின் வழிப்பட்டதே. வள்ளுவர் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். தன் கையாற் கொல்லாதவனும் தன் உணவின் பொருட்டுப் பிறர் கொல்லக் காரணமாகலாம் அன்றோ?

நம் உடுமலை வட்டாரத்துச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், கால்நடைகள் நலம்பெற உழவர்கள் மண்ணால் மாட்டு உருவாரம் செய்து வைக்கின்றனர். ஈண்டு மண்ணுருவம் பலிக்கு மாற்றும் அன்று. தொழுவத்தில் நிற்கும் உயிருக்காகச் செய்யும் வேண்டுதல். நீலகேசி காட்டிய நெறியினும் இஃது ஒரு படி மேலானது என்பேன்.

ஆயினும் ஒன்று கேட்பேன். உருவாரம் வைத்து வணங்கிய கையே, கறவை வற்றியதும் அப்பசுவை அடிமாடாக விற்கலாமோ? புலால் தொடாதவர் வண்டிமாட்டின் மீது தாங்கொணாச் சுமை ஏற்றலாமோ? அங்ஙனம் செய்யின், கையில் குருதி படாதிருந்தும் மாக்கோழியை வெட்டிய மன்னனின் நிலையே நம் நிலையும் ஆகும்.

இத்திருநாளில், நம் தொழுவத்து உயிரை அதன் இறுதிவரை காப்போம் என உறுதி பூணுவோமாக.