இரவல் கவசம்

சேத்தியாத்தோப்பில், வெள்ளாற்றங்கரையில் வளர்ந்தவன் நான். படிப்பை முடித்த இளைஞர்கள் சான்றிதழ்க் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெய்வேலிப் பேருந்துக்காகக் காத்து நிற்பது எங்கள் ஊரில் பழகிய காட்சி. அவர்களுள் ஒருவனாக நானும் நின்றிருக்கிறேன். வேலை தேடிச் செல்பவன் தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் தவறு செய்தே கற்றேன். அந்த அனுபவத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதன்முதலாக ஒரு தொழிற்கூடத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். “கடைசல் இயந்திரத்தில் பழக்கம் உண்டா?” என்று வினவினார் தேர்வாளர். பிறர் அதில் வேலை செய்யப் பார்த்திருந்தேனே அன்றி, நான் தொட்டதில்லை. ஆயினும், “நல்ல பழக்கம் உண்டு, ஐயா” என்றேன். “வேறு என்ன வேலை தெரியும்?” என்றார். “வேறொன்றும் இல்லை” என்றேன். அவர் என்னை இயந்திரத்தின் அருகே அழைத்துச் சென்று, ஓர் இரும்புத் தண்டைக் கையில் கொடுத்தார். அதனைப் பொருத்தும் வகை அறியாமல் விழித்தேன். அவர் கடிந்து பேசவில்லை. “தெரியாது என்றிருந்தால் கற்றுக்கொடுத்திருப்போம், தம்பி” என்று மட்டும் சொன்னார்.

தலைகுனிந்து வீடு திரும்பினேன். வயலில் நீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் நின்றுபோயிருந்தது. தந்தையார் என்னை அழைத்தார். எண்ணெய்க் குழாயில் காற்று அடைத்திருப்பதை உணர்ந்து, அதனை வெளியேற்றினேன். எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஆண்டுதோறும் நான் செய்துவந்த வேலைதான் அது. காலையில் இதனைச் சொல்ல ஏன் நாணினேன்? உழவன் வீட்டு வேலையைப் படித்தவர் முன் சொல்வது இழிவு என்று கருதினேன். இல்லாததைச் சொன்னது ஒரு பொய். உள்ளதை மறைத்தது மற்றொரு பொய்.

நான் கிறித்தவன். அன்றிரவு, சிறுவயதில் ஆலயத்தில் கேட்ட தாவீதின் வரலாறு புதிய பொருளோடு என் நினைவுக்கு வந்தது. கோலியாத்தை எதிர்க்கத் தாவீது முன்வந்தபோது, அவன் இளைஞன் என்று சவுல் மன்னர் தயங்கினார். அதுவும் ஒரு நேர்முகத் தேர்வே அன்றோ? தாவீது தன் ஆட்டுத் தொழிலை மறைக்கவில்லை. மந்தையைக் காக்கும்போது சிங்கத்தையும் கரடியையும் கொன்றதைச் சொன்னான். காத்தவர் கடவுள் என்றும் சொன்னான். மன்னர் தம் கவசத்தை அவனுக்கு அணிவித்தார். அவனோ, பழக்கமில்லை என்று அதனைக் கழற்றிவிட்டு, கைப்பழக்கமான கவணையும் ஐந்து கூழாங்கற்களையும் எடுத்துச் சென்றான். நான் இரவல் கவசத்தை அணிந்துகொண்டு, கவணை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஏசுபெருமான் சொன்ன உவமை ஒன்றில், ஒரு தாலந்து பெற்றவன் அதனை மண்ணில் புதைத்து வைத்தான். தலைவன் அவனைப் பாராட்டவில்லை. கடவுள் தந்த திறமையை மறைப்பது அடக்கம் ஆகாது.

எங்கள் அண்டையிலுள்ள நெய்வேலியைப் பாருங்கள். அங்கு நிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்து, பழுப்பு நிலக்கரி உண்டென்று முதலில் உறுதி செய்தார்கள். அதன் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு இருப்பதையும் மறைக்கவில்லை. அதனை இறைக்க வழி வகுத்தார்கள். 1957 மே மாதம் 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி வெளிப்பட்டது 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் கரியைக் காணாமலே மண்ணை அகற்றினார்கள். ஆராய்ந்து அறிந்த உண்மை அவர்களுடைய நம்பிக்கைக்கு அடித்தளமாக இருந்தது.

ஆகவே, விண்ணப்பம் எழுதுமுன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் மெய்யாகவே செய்து முடித்தவற்றை எழுதுங்கள். தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாலும், கடையில் பேரேடு எழுதியிருந்தாலும் சிறிதென்று தள்ளாதீர்கள். தெரியாததைக் கேட்டால், “தெரியாது, கற்றுக்கொள்வேன்” என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அப்படிச் சொன்னபின் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

உண்மை சொன்ன அன்றே வேலை கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். இரண்டாம் நேர்முகத் தேர்வில் உள்ளதை உள்ளபடி சொன்னேன், வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று தலைகுனியாமல் வீடு திரும்பினேன். மூன்றாம் இடத்தில் ஆயில் எஞ்சினைப் பற்றியே கால்மணி நேரம் கேட்டார்கள், பயிற்சியாளனாக எடுத்துக்கொண்டார்கள். கடைசல் வேலையை அங்கேதான் கற்றேன்.

நாளை பேருந்துக்காக நிற்கப்போகும் நண்பர்களே, உங்கள் கவண் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதனை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.